கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள்: மாற்றமும் கலப்பும் நம் காப்பும்

கல்லீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தினரும் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர். "வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே, அப்படியானால் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி பலிக்குமா? நாள்தோறும் விழுங்கும் மாத்திரையால் என்ன பயன்?" கொரோனாக் காலத்தில் புதிய புதிய திரிபுகளைப் பற்றி நாள்தோறும் செய்தி கேட்ட மக்களிடம் இந்த ஐயம் எழுவது இயல்பே.

இதற்கான விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ்கள் மாறுகின்றன என்பது உண்மை. ஒன்றோடொன்று கலந்து புதிய வகைகள் தோன்றுவதும் உண்மை. ஆனால் வைரஸ் பெருகும்போது மட்டுமே மாற்றம் நிகழ்கிறது. இரு வகை வைரஸ்கள் ஒரே உடலில் சந்தித்தால் மட்டுமே கலப்பு நிகழ்கிறது. பெருக்கத்தையும் சந்திப்பையும் தடுக்கும் வழிகள் நம் கையில் உள்ளன. உங்கள் மருத்துவர் கூறும் அறிவுரைகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தடுப்பதற்கானவையே.

ஐந்து வைரஸ்கள், இரண்டு வழிகள்

மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. கண்ணும் தோலும் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானவை ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்து வைரஸ்கள். பெயர் ஒரே வரிசையில் அமைந்திருந்தாலும் இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கல்லீரலைத் தாக்குவது என்னும் ஒரே ஒற்றுமையால் ஒரு பெயரின் கீழ் வந்தவை.

ஏ, இ ஆகிய இரண்டும் கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. பி, சி, டி ஆகிய மூன்றும் இரத்தத்தாலும் உடல் நீர்மங்களாலும் பரவுகின்றன. பி வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது மிக முக்கியமான வழி. டி வைரஸ் தனித்து வாழ இயலாதது. பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் அது வெளிவர முடியும். ஆகவே பி வைரஸைத் தடுத்தவருக்கு டி வைரஸும் வராது.

படியெடுக்கையில் நேரும் பிழை

வைரஸ் தானாக வளர இயலாதது. நம் கல்லீரல் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டு தன் மரபுச் செய்தியைப் படியெடுத்தே அது பெருகுகிறது. மனிதனின் மரபுச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. ஹெபடைடிஸ் பி வைரஸின் செய்தியோ ஏறத்தாழ 3,200 எழுத்துகளில் அடங்கிவிடும். சி வைரஸுக்கு ஏறத்தாழ 9,600 எழுத்துகள்.

செய்தி சிறியதுதான், ஆனால் படிகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் பி வைரஸ் நாளொன்றுக்கு 10,000 கோடி அளவிலும், சி வைரஸ் அதனினும் கூடுதலாகவும் உற்பத்தியாகக்கூடும் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இத்தனை வேகத்தில் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. நம் உயிரணுக்கள் தம் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்கின்றன. பி, சி வைரஸ்களின் படியெடுக்கும் நொதிகளுக்கு அந்தத் திறன் இல்லை.

பிழையான படிகளுள் பெரும்பாலானவை பயனற்று மடிகின்றன. சில மட்டும் பிழைக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று மருந்தையோ நம் நோய் எதிர்ப்பாற்றலையோ சமாளிக்க வல்லதாக அமைந்துவிட்டால், மற்றவை அழியும்போது அது மட்டும் பெருகுகிறது. பரிணாமம் என்று நூல்களில் படிப்பது இதுவே. விலங்குகளில் பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும் மாற்றம் வைரஸில் சில மாதங்களிலேயே நிகழ்ந்துவிடலாம்.

இரு நூல்கள் ஒரே தறியில்

எழுத்துப் பிழையைக் காட்டிலும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அதனை மரபணு மறுசேர்க்கை என்பர். நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த இராஜபாளையம் வட்டாரத்து மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. தறியில் ஓடும் நூல் நடுவில் அறுந்துபோனால், அதே நூலை எடுத்து இணைக்க வேண்டும். பக்கத்தில் வேறு நிற நூல் கிடந்து, அவசரத்தில் அதை இணைத்துவிட்டால், துணியின் முற்பாதி ஒரு நிறமும் பிற்பாதி வேறு நிறமுமாக வரும். வைரஸின் படியெடுக்கும் நொதியும் அவ்வாறே ஒரு மூலத்தைப் படியெடுத்துக்கொண்டிருக்கையில் நழுவி, அருகிலுள்ள வேறொரு மூலத்திற்குத் தாவிவிடுவதுண்டு. பிறக்கும் புதிய வைரஸின் ஒரு பகுதி ஒரு வகையினுடையது, மறு பகுதி வேறு வகையினுடையது.

ஒரே நிற நூல் மட்டுமே இருக்கும் தறியில் இந்தக் கலப்பு நேராது. இரு வகை வைரஸ்கள் ஒரே மனிதரின் ஒரே உயிரணுவில் இருந்தால்தான் மறுசேர்க்கை நிகழும். அதாவது, ஏற்கெனவே தொற்றுள்ள ஒருவருக்கு வேறு வகைத் தொற்று மீண்டும் ஏற்பட்டிருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனை அன்று. பி வைரஸில் ஏ முதல் ஜே வரை மரபு வகைகள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் ஏ, டி வகைகள் மிகுதி, கிழக்குப் பகுதிகளில் சி வகையும் காணப்படுகிறது. ஆசிய நிலப்பகுதியில் பரவியுள்ள பி மரபு வகை வைரஸ்களை ஆராய்ந்தபோது, அவற்றின் ஒரு பகுதி சி வகையிலிருந்து வந்திருப்பது தெரிந்தது. ஜப்பானில் காணப்படும் பி வகையிலோ அக்கலப்பு இல்லை. 2008ஆம் ஆண்டு வியட்நாமிலிருந்து அறிவிக்கப்பட்ட ஐ என்னும் மரபு வகை, ஏ, சி, ஜி ஆகிய வகைகளின் கூறுகள் சேர்ந்த கலப்பு வைரஸ். அதே ஐ வகை நம் நாட்டின் அருணாசலப் பிரதேசத்தில் இது மிஷ்மி பழங்குடி மக்களிடமும் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இக்கலப்பு இன்று நேற்றுத் தொடங்கியதும் அன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் எலும்புகளிலிருந்தும் பற்களிலிருந்தும் பி வைரஸின் மரபுச் செய்தியை 2018ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் மீட்டெடுத்தனர். இன்று உலகில் இல்லாமற்போன வகைகளும் அவற்றுள் இருந்தன. நாம் இன்று காணும் ஏ மரபு வகையே பழங்காலத்து மறுசேர்க்கையால் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மனித இனம் இடம்பெயர்ந்த வழியெல்லாம் இந்த வைரஸும் உடன் வந்திருக்கிறது.

பெயர்ச்சீட்டு தந்த தவறான தகவல்

கலப்பு வைரஸால் நோயாளிக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். சி வைரஸின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

2002ஆம் ஆண்டு இரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு புதுமையான சி வைரஸைக் கண்டறிந்தனர். அதன் முற்பகுதி 2கே வகை, பிற்பகுதி 1பி வகை. அந்நாளில் வழக்கிலிருந்த மரபு வகைப் பரிசோதனைகள் பல, வைரஸின் முற்பகுதியை மட்டும் படித்து வகையைத் தீர்மானித்தன. ஆகவே இந்தக் கலப்பு வைரஸ் உள்ளவர்களுக்கும் "இரண்டாம் வகை" என்றே முடிவு வந்தது. இரண்டாம் வகைக்குரிய சிகிச்சையைப் பெற்றவர்களுள் பலருக்கு நோய் திரும்பியது. மருந்துகள் தாக்க வேண்டிய இலக்கு வைரஸின் பிற்பகுதியில் இருந்தது. அதுவோ முதலாம் வகையைச் சேர்ந்தது. துணியின் முனையில் ஒட்டிய சீட்டைப் பார்த்து முழுத் துணியையும் மதிப்பிட்டது போன்ற நிலை அது. பின்னர் ஜார்ஜியா நாட்டில் இரண்டாம் வகை எனக் கருதப்பட்ட நோயாளிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அவர்களுள் பலருக்கு இருந்தது இக்கலப்பு வைரஸே எனத் தெரியவந்தது.

இன்று இந்தக் கவலை வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்லா மரபு வகைகளையும் ஒருசேரத் தாக்கும் சோபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரை வந்துள்ளது. பெரும்பாலோர் 12 வாரங்கள் உட்கொண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆயினும் சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். வைரஸ் முற்றிலும் நீங்கியதா என்பதை அப்பரிசோதனைதான் உறுதி செய்யும். "உடம்பு நன்றாக இருக்கிறதே" என்று அதனைத் தவிர்க்க வேண்டாம்.

சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஒரு முறை குணமானவருக்கு மீண்டும் தொற்றும் வாய்ப்பும் உண்டு.

மோடாசா கற்பித்த பாடம்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலம் சபர்காந்தா மாவட்டத்து மோடாசாப் பகுதியில் ஹெபடைடிஸ் பி திடீரெனப் பரவியது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையே மற்றவர்க்கும் பயன்படுத்தியது காரணம் எனத் தெரியவந்தது. ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். பி வைரஸ் பெரியவர்களுக்கு இத்தனை கடுமையாக வருவது அரிது. அங்குப் பரவிய வைரஸை ஆராய்ந்தபோது, அது டி வகையைச் சேர்ந்தது என்பதும், அதன் மரபுச் செய்தியில் இ ஆன்டிஜென் என்னும் புரதத்தின் உற்பத்தியைப் பாதிக்கும் மாற்றங்கள் இருந்தன என்பதும் தெரிந்தன.

உங்கள் பரிசோதனைச் சீட்டிலும் "இ ஆன்டிஜென்" என்னும் வரி இருப்பதைக் காணலாம். அது "இல்லை" என்று வந்தால் நோய் தணிந்துவிட்டது எனச் சிலர் எண்ணி மகிழ்கின்றனர். பலருக்கு அது நல்ல செய்தியே. ஆனால் சில வைரஸ்கள் மரபு மாற்றத்தால் இ ஆன்டிஜெனை உண்டாக்குவதை நிறுத்திவிட்டு, பெருகுவதை மட்டும் தொடர்கின்றன. கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே வியாபாரம் நடப்பதைப் போன்றது இது. அதனால்தான் அந்த ஒரு வரியோடு நில்லாமல், இரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. அளவையும், கல்லீரல் நொதிகளையும் சேர்த்துப் பார்க்கிறோம். வீண் செலவு எனக் கருதாமல் இப்பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டுகிறோம்.

தடுப்பூசி ஏன் இன்றும் பலிக்கிறது

பி வைரஸின் மேலுறைப் புரதத்தை நம் உடலுக்கு அறிமுகப்படுத்துவதே தடுப்பூசியின் வேலை. அப்புரதத்தின் 145ஆம் இடத்தில் மாற்றம் ஏற்பட்டு, தடுப்பூசியிலிருந்து தப்பிய வைரஸ் ஒன்று இத்தாலி நாட்டுக் குழந்தை ஒன்றிடம் காணப்பட்டதாக 1990ஆம் ஆண்டு செய்தி வெளியானது. இனித் தடுப்பூசி பயனற்றுப் போகுமோ என்று அப்போது பலர் அஞ்சினர். அந்த அச்சம் மெய்யாகவில்லை.

இதற்கு வைரஸின் அமைப்பே ஒரு காரணம். 3,200 எழுத்துகளுக்குள் எல்லாச் செய்தியையும் அடக்க வேண்டியிருப்பதால், அதன் மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மேலுறைக்கான எழுத்தை மாற்றினால், அதே இடத்தில் எழுதப்பட்டிருக்கும் படியெடுக்கும் நொதியின் செய்தியும் மாறிவிடக்கூடும். ஒரு தூணை இரு வீடுகள் பகிர்ந்துகொண்டால், ஒரு வீட்டார் தம் விருப்பப்படி அதை இடித்துக் கட்ட முடியாது அல்லவா? இவ்வாறு வைரஸின் மாற்றத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

தைவான் நாடு 1984ஆம் ஆண்டு பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் அங்கு 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு சில பகுதிகளில் தொடங்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் வழங்கப்படுகிறது.

முதல் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டும். வைரஸ் மிகுதியாக உள்ள தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றுப் பெறும் குழந்தைகளுள் 100க்கு 90 பேர்வரை அந்நோயை வாழ்நாளெல்லாம் சுமக்க நேரிடும். வளர்ந்தவர்க்கு அவ்வாறு நிலைத்துவிடுவது 100க்கு ஐந்துக்கும் குறைவே. தாய்க்குத் தொற்று இருப்பது முன்னரே தெரிந்தால், ஊசியுடன் சேர்த்து எதிர்ப்புப் புரதமும் குழந்தைக்குத் தர இயலும். வைரஸ் அளவு மிகுந்த தாய்க்குக் கருவுற்ற காலத்திலேயே மாத்திரை தந்து அந்த அளவைக் குறைக்கவும் இயலும். ஆகவே கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுமாறு வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

1990களின் இறுதியில் பி வைரஸுக்கு லாமிவுடின் என்னும் மாத்திரை வந்தது. தொடக்கத்தில் நல்ல பலன் தந்தது. ஆனால் ஐந்தாண்டுகள் தொடர்ந்து உட்கொண்டோரில் பத்தில் ஏழு பேரளவில் வைரஸ் அம்மருந்தை எதிர்க்கும் வகையில் மாறிவிட்டது. இன்று தரும் டெனோபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸின் பெருக்கத்தை இன்னும் வலுவாக அடக்குகின்றன. முதன்முறை சிகிச்சை பெறுவோருள், ஐந்தாண்டுகள் கழித்தும் என்டெகாவிருக்கு எதிர்ப்பு உண்டாவது நூறில் ஓரிருவருக்கே. காரணம் எளியது. பெருக்கம் இல்லையேல் படியெடுப்பு இல்லை. படியெடுப்பு இல்லையேல் மாற்றமும் இல்லை.

மருந்தை விட்டுவிட்டு உண்ணும்போது நிலைமை தலைகீழாகிறது. வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்குகிறது. அரைகுறை மருந்தின் நடுவே பெருகும் வைரஸுக்கு அம்மருந்தைச் சமாளிக்கப் பழகும் வாய்ப்பும் கிடைக்கிறது. திடீரென மாத்திரையை நிறுத்தியவருக்குக் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. உடம்பில் எந்தத் துன்பமும் இல்லாதபோது நாள்தோறும் மாத்திரை உண்பது சலிப்பூட்டும் என்பதை அறிவோம். துன்பம் இல்லாதிருப்பதற்கு அம்மாத்திரையும் ஒரு காரணம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. சென்னை ஆய்வாளர்கள், பி வைரஸைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்குடன் இணைந்து, 1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக அதில் கூறியிருந்தனர். உலகமே ஆவலுடன் அதை நோக்கியது. எனினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. நம் முன்னோர் போற்றிய மூலிகையை இகழ்வது எங்கள் நோக்கமன்று. அதனை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீர் காத்தல்

இராஜபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்திருக்கும் அய்யனார் கோவிலை இப்பகுதியினர் நீர்காத்த அய்யனார் கோவில் என்று வழங்குவர். மழைக் காலத்தில் அருவியில் நீராடவும் வழிபடவும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கின்றனர். நீரைக் காப்பது கடமை என்னும் எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஏ, இ வைரஸ்களைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான மருத்துவமும் ஆகும்.

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் நகரின் கழிவுநீர் கலந்ததே காரணம். அன்று சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதுதான், அது ஏ வைரஸ் அன்று, அதுவரை அறியப்படாத வேறொன்று என்பது புலப்பட்டது. அதனையே இன்று இ வைரஸ் என்கிறோம். கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், இது மிகவும் கொடியது. அக்காலத்தில் இத்தொற்றுக்கு ஆளாகும் பெண்களில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

இ வைரஸும் கலப்பில் வல்லது. நாள்பட்ட தொற்றுள்ள ஒரு நோயாளியிடமிருந்து பெற்ற இ வைரஸ் ஒன்றில், மனிதனின் மரபணுத் துணுக்கே இணைந்திருந்ததை 2011ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டனர். அந்த இணைப்பு, ஆய்வகத்தில் அவ்வைரஸ் நன்கு வளரத் துணைபுரிந்தது. ஆனால் எத்தனை விதமாகக் கலந்தாலும், கொதிக்கும் நீரில் பிழைக்கும் ஆற்றலை இந்த வைரஸ் பெற்றுவிடவில்லை. ஏ வைரஸுக்கும் இது பொருந்தும். குடிநீரைக் குமிழியிட்டுப் பொங்கும்வரை காய்ச்சி, ஆறவைத்துப் பருகினால் இரண்டையும் தடுக்கலாம்.

அருவி நீர் தெளிந்திருப்பதால் மட்டும் அது தூயது என்று கொள்ள இயலாது. அருவிக்குச் செல்வோர் குடிநீரை வீட்டிலிருந்தே காய்ச்சி எடுத்துச் செல்லுங்கள். நீரோட்டத்தின் அருகே மலம் கழிப்பதையும், குழந்தைகளின் துணிகளை அங்கே அலசுவதையும் தவிருங்கள். மலையடிவாரத்தில் நாம் செய்யும் அசுத்தம் கீழே வாழ்வோரின் குடத்தைச் சென்றடையும்.

குடும்பத்தினர் மனத்திற்கொள்ள வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு பி தொற்று இருந்தால் மற்ற அனைவரும் பரிசோதனை செய்து, தேவைப்படுவோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சவரக் கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைப் பொதுவில் பயன்படுத்தாதீர்கள். ஊசி போடும் இடங்களிலும், பச்சை குத்தும் இடங்களிலும், காது குத்தும் விழாக்களிலும் புதிய ஊசியைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. ஏற்கெனவே தொற்றுள்ளவர்களும் "இனி என்ன வந்துவிடப் போகிறது" என்று அலட்சியமாக இருக்கலாகாது. இரண்டாவது வகை வைரஸுக்கு இடம் கொடுப்பது கலப்புக்கு இடம் கொடுப்பதாகும்.

அதே வேளையில், தொற்றுள்ளவரைத் தனித் தட்டில் உண்ண வைப்பதும், குழந்தைகளைத் தூக்கவிடாமல் தடுப்பதும் தேவையற்ற கொடுமை. சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, கட்டியணைப்பதாலோ பி, சி வைரஸ்கள் பரவுவதில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணமில்லை என்பதற்காக எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்த முறைக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள். இடைவெளி ஒரு நாளும் வேண்டாம்.